ஆச்சா உத்திரமும் ஐந்தில் ஒரு பங்கும்



இராசிபுரத்தில் எங்கள் பாட்டனார் 1938-ஆம் ஆண்டு கட்டிய ஓட்டுவீட்டைச் சென்ற ஆண்டு பிரித்தோம். கூரை ஒழுகத் தொடங்கிப் பல மழைக்காலங்கள் கடந்திருந்தன, மண்சுவர்கள் இற்றுப்போயிருந்தன. ஆயினும் கூரையைத் தாங்கிய மூன்று உத்திரங்களும் முற்றத்துத் தூண்கள் நான்கும் ஆணி இறங்காத உறுதியோடு நின்றன. பிரிக்க வந்த கொத்தனார் சுத்தியலால் ஓர் உத்திரத்தை மெல்லத் தட்டினார். மரத்திலிருந்து வருவதுபோல் இல்லாமல், வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் ஒலி எழுந்தது. “ஆச்சா மரம், பாய். விறகு விலைக்கு விட்டுடாதீங்க” என்றார் அவர்.

அந்த உத்திரத்தின் ஒரு துண்டு இப்போது மின்கிட்டாராக எங்கள் இளையவரின் வீட்டில் இருக்கிறது. அது எவ்வாறு அங்குச் சென்றது, மரத்துக்கும் மேற்பூச்சுக்கும் அதன் ஒலியில் என்ன பங்கு, அந்த ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடந்த நாங்கள் எந்தப் பங்கை மறந்திருந்தோம் என்பதையே இங்கே எழுதுகிறோம். இது எங்கள் குடும்பத்தின் தவறு. பலருடைய வீட்டிலும் இதே தவறு இருக்கக்கூடும் என்பதால் வெளியில் சொல்கிறோம்.

மரமும் மகனின் விருப்பமும்

ஆச்சா மரத்தை இப்பகுதியின் பெரியவர்கள் நன்கறிவர். சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளின் சரளைக்கல் நிறைந்த வறண்ட நிலத்திலும் வளரக்கூடியது. ஒவ்வோர் இலையும் இரண்டு சிற்றிலைகளாகப் பிரிந்து, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் தோன்றும். தாவரவியலார் இதனை ஹார்ட்விக்கியா பைனேட்டா என அழைப்பர். இந்தியாவின் மிகக் கனமான மரங்களுள் இது ஒன்று. வைரம் பாய்ந்த கட்டையை நீரில் இட்டால் மிதக்காமல் மூழ்கிவிடும்.

எங்கள் இளையவரின் மகன் சேலத்தில் பொறியியல் படிக்கிறான். கிட்டார் வாசிப்பதில் அவனுக்கு நாட்டம் உண்டு. உத்திரத்தைத் தட்டிய ஒலியைக் கேட்டதுமே, அதில் ஒரு துண்டு தனக்கு வேண்டும் என்றான். எங்களுள் மூத்தவர் உடனே மறுத்தார். “குர்ஆன் ஓதிய வீட்டு மரத்தில் இசைக்கருவியா?” என்பது அவர் கேள்வி. இளையவர், “படிக்கிற பிள்ளை, கெட்ட வழிக்குப் போகவில்லையே” என்றார். நடுவில் இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. எங்கள் மௌனத்தைச் சம்மதம் எனக் கொண்டு, அவன் ஆறடித் துண்டு ஒன்றை அறுத்து எடுத்துச் சென்றான். அத்துண்டின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பழைய துளை இருந்தது. எதற்கான துளை என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

ஒலி எங்கிருந்து பிறக்கிறது?

வீணையிலோ சாதாரணக் கிட்டாரிலோ கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்குச் சென்று, பலகை காற்றை அசைக்கிறது. அங்கே மரமே ஒலிபெருக்கி. எனவேதான் தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தைத் தேடுகிறார்கள். அரபுலகின் பழம்பெரும் நரம்புக்கருவிக்கு ‘ஊத்’ என்று பெயர். அச்சொல்லுக்கு மரம் என்பதே பொருள். ஐரோப்பியரின் ‘லூட்’ என்ற கருவிப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே.

மின்கிட்டாரின் கதை வேறு. கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற சிறு பெட்டி இருக்கும். அதனுள் காந்தமும், காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைப்போல் மெல்லிய செப்புக் கம்பி சில ஆயிரம் சுற்றுகளும் உள்ளன. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதியன்றி வேறில்லை. பிக்கப் கேட்பது எஃகின் அசைவை மட்டுமே. மரம் பேசினாலும் அதன் காதில் நேராக விழாது.

அவ்வாறாயின் மரத்துக்கு வேலையே இல்லையா? முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்பியின் இரு முனைகளையும் தாங்குவது கழுத்தும் உடலும் ஆகும். தாங்குவது இளகினால் கம்பியின் ஆற்றலைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். சில சுரங்களில் கம்பியின் அதிர்வு கழுத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட, மற்ற இடங்களில் நீண்டு ஒலிக்கும் கம்பி அங்கே மட்டும் விரைவில் அடங்கிவிடும். வாசிப்பவர்கள் அதைச் ‘செத்த இடம்’ என்பர். ஆக, மரம் ஒலியைக் கொடுப்பதில்லை; எதை எவ்வளவு நேரம் நிற்கவிடுவது என்பதில் அதற்குச் சிறு உரிமை உண்டு.

அமெரிக்காவின் லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். அதற்கு ‘கட்டை’ என்றே பெயர். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் மக்கள் அதைக் கிட்டாராக ஏற்கவில்லை. வேறொரு கிட்டாரை இரண்டாகப் பிளந்து, கட்டையின் இருபுறமும் சிறகுபோல் ஒட்டிய பின்னரே ரசித்தார்கள். ஒலியில் மாற்றம் இல்லை, கண்ணில்தான் மாற்றம். சில ஆண்டுகளுக்கு முன் ஜிம் லில் என்ற இசைக்கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். உடலும் கழுத்தும் இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு இடையே கம்பிகளை இழுத்துக் கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். நல்ல மரத்தால் செய்த கிட்டாருக்கும் அதற்கும் ஒலியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் பிள்ளையை இவையெல்லாம் தடுக்கவில்லை. அவன் மனத்தில் இருந்தது வேறொரு கிட்டார். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே, பதின்ம வயதில் 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டார் அது. கழுத்து, பழைய வீடொன்றின் கணப்படுப்பு மேற்சட்டத்து மரம். அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். ஒலியை வளைக்கும் கைப்பிடியின் நுனிக்கு அவருடைய தாயாரின் பின்னல் ஊசி உதவியது. பிற்காலத்தில் உலகம் முழுதும் கேட்டது அந்தக் கிட்டாரைத்தான். “அது மரத்துக்காக இல்லை, பெரியத்தா. அவங்க வீட்டு மரம் என்பதற்காக” என்று மூத்தவரிடம் அவன் சொன்னான். மூத்தவர் பதில் சொல்லவில்லை.

நாமக்கல் பட்டறையில்

முதல் இடையூறு எடை. மேல்நாட்டில் பயன்படும் ஆல்டர் போன்ற மரத்தில் கிட்டாரின் உடல் ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். அதே அளவை ஆச்சாவில் செய்தால் 5 கிலோவை நெருங்கும். தோளில் மாட்டி நிற்க இயலாது. எனவே லெஸ் பாலின் வழியையே அவன் பின்பற்றினான். நடுவில் மூன்று அங்குல அகலத்துக்கு மட்டும் ஆச்சா. இருபுறமும் இப்பகுதி விவசாயிகள் இப்போது தோட்டம் தோட்டமாக நடும் மலைவேம்பு. அது எடை குறைந்த மரம். கழுத்தை விலைக்கு வாங்கினான். அதன் விரற்பலகை ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, உலகெங்கும் கிட்டார்களின் விரற்பலகையாக இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். அம்மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

ஆச்சாவை இழைக்க ஒப்புக்கொண்ட ஆசாரி, இரண்டு நாளில் இழைப்புளியை நான்கு முறை தீட்ட வேண்டியிருந்தது என்று குறைப்பட்டார். பிறகு மேற்பூச்சு. இதற்கு அவன் போன இடம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று. எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவே சரியான இடம். 1950-களிலும் 60-களிலும் ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களுக்கு அடித்த புகழ்பெற்ற வண்ணங்கள் பல, டூபாண்ட் நிறுவனம் கார்களுக்கென்று தயாரித்த பெயிண்டுகளே.

பட்டறையின் பெயிண்டர் லாரிகளிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். பையன் அவரிடம் இரண்டு வகைப் பூச்சுகளைப் பற்றிக் கேட்டான். ஒன்று, பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் ஆவியாவதாலேயே உலர்வது. மெல்லிய படலமாக நிற்கும். நாளடைவில் மஞ்சளித்து வெடிப்பு விடும். மற்றொன்று, ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன், வேதிவினையால் இறுகுவது. கனமாகவும் கண்ணாடிபோலவும் நெடுநாள் இருக்கும். மெல்லிய லாக்கர் பூசினால்தான் மரம் ‘மூச்சு விடும்’, ஒலி திறக்கும் என்று கிட்டார்க்காரர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். பெயிண்டர் சிரித்தார். “மரம் அறுத்த அன்னைக்கே மூச்சை விட்டுடுச்சு, தம்பி. பெயிண்ட் பாட்டுப் பாடாது. வெயிலும் வேர்வையும் உள்ளே போகாம பார்த்துக்கும். அது போதாதா?”

பலகையில் ஒலி பிறக்கும் கருவியானால் அவரோடு நாங்கள் வாதிட்டிருப்போம். வயலினின் மெல்லிய மேற்பலகையில் தடித்த பூச்சு ஏறினால் அதன் அசைவு குறையும். ஒன்றேமுக்கால் அங்குலக் கட்டைமீது ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த படலம் என்ன செய்துவிடும்? பையன் பூச்சுக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை அதே கம்பிகளை மாட்டிப் பதிவு செய்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். எது முன், எது பின் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. ஆனால் பிக்கப்பை ஒரு திருகாணியால் கம்பிக்கு அருகே சற்று உயர்த்தியபோது, அடுப்படியில் இருந்தவர்களுக்கும் மாற்றம் தெரிந்தது. பழைய கம்பியைக் கழற்றிப் புதியது மாட்டியபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

பெயிண்டர் ஒன்றைச் செய்திருந்தார். உத்திரத்தில் இருந்த பழைய துளையைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே கறுப்பு வண்ணம் அடித்துவிட்டார். துளை இருந்த இடமே தெரியவில்லை. நேர்த்தியான வேலை என்று எல்லோரும் பாராட்டினோம்.

நாகசுரத்துக்குப் போகும் உத்திரம்

இதற்கிடையில் பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். மீதி உத்திரங்களுக்கு நாங்கள் எதிர்பாராத விலை சொன்னார். ஏன் என்று கேட்டோம். நாகசுரம் செய்பவர்களுக்குப் போகும் என்றார்.

அவர் சொன்னது மெய்யே. தஞ்சாவூர் மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ஆச்சா மரமே வேண்டும். அதுவும் பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த தூணும் உத்திரமும்தான் அவர்களுக்குத் தேவை. ஈரம் முழுதும் போன மரம் கடைசலில் பிளக்காது. துளையிட்ட பிறகு வளையாது. ஊதுபவரின் மூச்சு ஈரத்தை நாள்தோறும் தாங்க வேண்டிய குழலுக்கு அது இன்றியமையாதது.

ஆனால் இங்கும் அதே கேள்வி எழுகிறது. நாகசுரத்தில் அதிர்வது சீவாளி. ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலார் 1971-இல், உள்ளளவு ஒன்றாகவும் சுவர்ப்பொருள் வேறாகவும் உள்ள புல்லாங்குழல்களை வாசிக்கச் செய்தார். வெள்ளி எது, செம்பு எது, மரம் எது என்று கேட்டவர்களாலும் பிரித்தறிய இயலவில்லை. கையின் தொடுகை உதவாதபோது வாசித்தவர்களாலும் இயலவில்லை. துளையின் அளவும் உட்சுவரின் வழுவழுப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆச்சாவின் பெருமை, அந்த அளவையும் வழுவழுப்பையும் அது பல்லாண்டு காலம் மாறாமல் காப்பதில் இருக்கிறது. பாடுவது அதுவன்று, பாடுவதற்குத் தந்த இடத்தைக் கெடாமல் வைத்திருப்பது அது. அமானிதம் என்று நாம் சொல்வதும் அத்தகையதே அல்லவா?

மூத்தவர் இந்த விலைக்கு உத்திரங்களை விற்கச் சம்மதித்தார். இளையவர் விடவில்லை. “கிட்டாருக்கு ஆகாத மரம் நாகசுரத்துக்கு எப்படி ஆகும்?” என்றார். வியாபாரத்தில் வாங்குபவர் என்ன செய்கிறார் என்பது நம் பொறுப்பன்று என்றார் மூத்தவர். ஷேக் சின்ன மௌலானா சாகிபு ஐந்து வேளை தொழுகையை விடாத முஸ்லிமாக இருந்துகொண்டே திருவரங்கத்தில் வாழ்ந்து நாகசுரம் வாசித்து, 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்று இளையவர் எடுத்துக்காட்டினார். ஒருவரின் கலை எல்லோருக்கும் மார்க்கச் சான்று ஆகிவிடாது என்று மூத்தவர் மறுத்தார். வீட்டில் பேச்சு தடித்தது. இரண்டு வாரங்கள் ஒரே பள்ளியில் வெவ்வேறு வரிசைகளில் நின்று தொழுதோம்.

ஹஜ்ரத்தின் கேள்வி

இறுதியில், ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்வோம் என ஒத்துக்கொண்டு, ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பின் அவர்முன் அமர்ந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் நரம்புக்கருவிகளைத் தடுத்தே வந்துள்ளனர், தஃபுக்கு இடமளித்துள்ளனர் என்றார். அந்தலூசியாவின் இமாம் இப்னு ஹஸ்ம், தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகளின் உறுதியை ஏற்காமல் வேறு முடிவுக்கு வந்ததையும் மறைக்காமல் சொன்னார். இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் செவியுறுதலுக்கென்று தனிப் பகுதியே எழுதி, காலம், இடம், உடனிருப்போர், கேட்பவரின் உள்ளம் என்று பிரித்து ஆராய்ந்ததையும் விளக்கினார். “என்னைக் கேட்டால் விலகியிருப்பதே பேணுதல்” என்றும் தம் கருத்தைச் சொன்னார். மூத்தவர் முகம் மலர்ந்தது.

அப்போது ஹஜ்ரத் கேட்டார்: “அது இருக்கட்டும். மரம் யாருடையது?”

“எங்கள் பாட்டனாருடையது.”

“அவருக்கு வாரிசுகள் யார் யார்?”

“எங்கள் அத்தா, பெரியத்தா, ஒரு குப்பி. பாட்டி அவருக்கு முன்பே மவுத்தாகிவிட்டார்கள்.”

“மகளின் பங்கு போய்ச் சேர்ந்ததா?”

நாங்கள் பதில் சொல்லவில்லை. இஷாவுக்கு நேரமாகிறது என்று எழுந்தோம். உண்மையில் இஷாவுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கணக்கு எளியது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரு மகன்களுக்கு நான்கு, ஒரு மகளுக்கு ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு குப்பிக்கு உரியது. இதை நிர்ணயித்தவர் மனிதர் அல்லர். சூரா அந்நிஸாவின் 11-ஆம் வசனத்தில் இறைவன் விதித்த பங்கு. பாட்டனார் 1991-இல் மறைந்தார். பெரியத்தாவின் பங்குக்கு எங்கள் அத்தா பணம் கொடுத்துப் பத்திரமும் எழுதிக்கொண்டார். குப்பி ‘விட்டுக்கொடுத்துவிட்டாள்’ என்று மட்டும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்கு ஈடாகப் பெருநாள்தோறும் புடவை, அவர் மகள் திருமணத்தில் சீர். நாங்களும் அதற்குமேல் கேட்டதில்லை.

அபகரித்த உத்திரத்தை ஒருவர் தம் கட்டடத்தில் வைத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை ஃபிக்ஹு நூல்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கின்றன. கட்டடத்தைப் பிரித்தேனும் உத்திரத்தையே திருப்பித் தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. அதன் மதிப்பை ஈடாகத் தர வேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் நிலை. உத்திரம் என்ற சொல்லை அங்கே வாசித்தபோது எங்களுக்கு வியர்த்தது. மரம் எந்த இசைக்கு ஆகும் என்று இரண்டு மாதம் சண்டையிட்டவர்கள் நாங்கள். அம்மரத்தை அறுக்க எங்களுக்கு உரிமை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குப்பியின் வீட்டில்

குப்பி பரமத்தி வேலூரில், மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் போனோம். பையனையும் கிட்டாரோடு அழைத்துச் சென்றோம், அதிலும் அவருக்கு ஒரு பங்கு இருந்ததால். மூத்தவர்தான் பேசினார். உங்கள் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தீர்களா குப்பி என்று கேட்டார்.

குப்பி சற்று நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். “மையித்து எடுத்து மூணாம் நாள், வீடு நிறைய ஆள். உங்கத்தா ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு தாயீன்னாரு. அந்த எடத்துல வேற என்ன கண்ணு சொல்ல முடியும்? மாட்டேன்னா பொறந்த வீடு போயிடும். போட்டேன்.” பிறகு, “எம் மக வீட்டுக் கூரை ஒழுகுது. கொடுத்தீங்கன்னா வாங்கிக்கறேன். வேண்டாம்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

அவர் கண்ணீர் விடுவார், எங்களை மன்னிப்பார், பணத்தை மறுப்பார் என்றெல்லாம் வழியில் எண்ணிக்கொண்டு போயிருந்தோம். அந்த எண்ணமும் ஒரு மேற்பூச்சே என்று அப்போது விளங்கியது.

மனையின் இன்றைய மதிப்பை இருவரிடம் கேட்டு, ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டோம். உத்திரங்களின் விலையிலும் அவ்வாறே. முழுத்தொகையும் உடனே இல்லை. பாதியை ஒரு மாதத்தில் கொடுத்தோம், மீதிக்கு எழுதிக் கொடுத்தோம், இன்ஷா அல்லாஹ் இவ்வாண்டு முடிப்போம். அத்தாவின் பெயரால் மன்னிப்பும் கேட்டோம். “அவருக்கு துஆ செய்யுறேன்” என்று மட்டும் குப்பி சொன்னார். தூண்களில் ஒன்றைத் தமக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது, கிட்டாருக்குப் போன துண்டு எது என்று கேட்டார். பையன் உறையிலிருந்து எடுத்தான். கறுத்து மின்னிய உடலை அவர் விரலால் தடவினார். “நடு உத்திரமா? அதுல ஒரு ஓட்டை இருக்குமே?” பட்டி வைத்து அடைத்துவிட்டதாக அவன் தயங்கிச் சொன்னான். “தூளிக் கொக்கி மாட்டின எடம் அது. உங்கத்தாவும் நானும் அதுலதான் தூங்கினோம். எங்க அம்மா ராத்திரி பூரா ஆட்டிக்கிட்டு ஓதிக்கிட்டே இருக்கும்” என்றார். பூச்சு ஒலியை மாற்றவில்லை என்று நாங்கள் சோதித்து அறிந்திருந்தோம். அது எதை மறைத்தது என்பதை அப்போதே அறிந்தோம்.

வாசித்துக் காட்டச் சொன்னார். ஒலிபெருக்கி கொண்டு போகவில்லை. மின்சாரம் இல்லாத மின்கிட்டாரின் ஒலி ஈ பறப்பதுபோல் மெலிந்தது. எதிரில் இருப்பவருக்கே எட்டாது. குப்பி உள்ளங்கையை அதன்மீது வைத்தார். “நடுங்குது” என்றார். பிக்கப்புக்குக் கேட்காத மரத்தின் அதிர்வு, தொட்டவர் கைக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் பேருந்தில் மூத்தவர் நபிகளாரின் (ஸல்) மிம்பரைப் பற்றி நினைவூட்டினார். அது எந்த மரத்தால் ஆனது என்று பிற்காலத்தில் மக்கள் சர்ச்சையிட்டுக்கொண்டு ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் வந்து கேட்ட செய்தி புகாரீயில் உள்ளது. மதீனாவை அடுத்த ஃகாபாவின் அஸ்ல் மரம் என்று அவர்கள் விடை சொன்னார்கள். ஆனால் அழுததாக நாம் அறிவது அந்த மிம்பர் அன்று. அதற்குமுன் நபிகளார் (ஸல்) சாய்ந்து நின்று உரையாற்றிய, இழைக்காத, பூச்சில்லாத பேரீச்ச அடிமரமே. அவர்கள் தம்மைப் பிரிந்து மிம்பரில் ஏறியபோது அது கருவுற்ற ஒட்டகம்போல் முனகியது. அவர்கள் இறங்கி வந்து அதன்மீது கை வைத்ததும் அடங்கியது. மரத்துக்கும் சேர வேண்டியதைச் சேர்ப்பித்த நபியின் உம்மத் நாம். உடன்பிறந்தவளுக்குச் சேர வேண்டியதை முப்பது ஆண்டுகளாக வைத்திருந்தோம்.

கிட்டார் விஷயத்தில் எங்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. மூத்தவர் தம் வீட்டில் அதை அனுமதிப்பதில்லை. பையனும் அவர் இருக்கும்போது வாசிப்பதில்லை. வரிசை மட்டும் ஒன்றாகிவிட்டது.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் பழைய மரமோ பழைய பத்திரமோ இருந்தால், அது எதற்கு ஆகும் என்று ஆராய்வதற்கு முன், அதில் எத்தனை பேருக்குப் பங்கு என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ‘விட்டுக்கொடுத்தாள்’ என்ற சொல் உங்கள் குடும்பத்திலும் வழங்கினால், எந்த வேளையில், யார் முன்னிலையில் விட்டுக்கொடுத்தாள் என்று அவரிடமே கேளுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் எங்கள் அத்தாவின் பிழையைப் பொறுத்தருள்வானாக. எங்கள் கணக்கை இம்மையிலேயே முடிக்கும் வாய்ப்பைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.